நாற்பத்தொரு மணித்தலையர்

அன்று காலை ஆறே முக்காலுக்கு அந்த வாடகை வண்டியில் இருந்தவர்கள் நால்வர். ஓட்டுநர் தம் இடத்தில். அவருக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டபடி, மணித்தலை. பின்னால் இடது சன்னலோரம் தம்பி, வலது சன்னலோரம் அக்கா. இருவருக்கும் நடுவில் ஒரு தோள்பை.

மணித்தலையை ஓர் ஆளாகச் சேர்த்து எண்ணியது ஓட்டுநர்தான். "முன்னாடி இருக்கிற அண்ணன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரே, கோபமா?" என்றார்.

"அவருக்கு நாக்கு கிடையாதுண்ணே. அதான் கதையே" என்றான் தம்பி.

தம்பிக்கு வயது இருபத்தாறு. கூரியர் கிடங்கில் பொட்டலம் பிரிக்கிற வேலை. ஓர் அனிமே தொடரின் மேல் அவனுக்கு ஆறு வருடமாக உயிர். அதில் ஒரு பாலத்துக்குக் காவல் நிற்கிறவனுக்குத் தலைக்குப் பதில் பெரிய மணி. நாக்கைப் பிடுங்கிவிட்டதால் ஒலிக்காத மணி. அவன் பேசுவதில்லை. மணிக்குள் மறைந்திருக்கும் அவன் முகத்தை யாராவது பார்த்துவிட்டால், அவன் காக்கிற ஊரே அவனை மறந்துவிடும். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் மணித்தலையன். அவன் வேஷம் போடுகிறவர்கள் மண்டபத்துக்குள் வாய் திறக்கக்கூடாது, தலையைக் கழற்றக்கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் காவல் அதிகம்.

அக்காவுக்கு முப்பத்து மூன்று. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற வேலையில் பன்னிரண்டு வருடம். மணிக்குள்ளிருப்பவன் கண் வெளியே தெரியக்கூடாது என்று தம்பி கேட்டபோது, உள்ளங்கை அளவுக்கு இரண்டு கறுப்பு வட்டங்களை வெட்டி, விளிம்பில் பள்ளம் போட்டு, வெளியிலிருந்து அழுத்திப் பொருத்திக் கொடுத்தாள். அதன் படம் ரசிகர் குழுவில் வந்ததும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேட்டார்கள். ஒன்று, இரண்டு என்று தபாலில் அனுப்பி அனுப்பி, இருபத்து மூன்று தலைகளுக்கு அவள்தான் கண். தலை செய்வதற்கான வெட்டு மாதிரியையும் எல்லோரும் இணையத்தில் ஒரே இடத்திலிருந்துதான் இறக்கியிருந்தார்கள். ஒரே சாம்பல் நிறம், ஒரே கையுறை, ஒரே அங்கி. ஒருவரை ஒருவர் அச்சு அசலாக ஒத்திருப்பதுதான் அவர்களுக்குப் பெருமை.

உள்ளே இருப்பவனுக்குத் தன் மூக்குக்குக் கீழே தரை கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு மணித்தலையனுக்கும் கையைப் பிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அந்த உலகத்தில் 'கைபிடி' என்று பெயர். தம்பியின் கைபிடி அக்கா. பேச முடியாது என்பதால் இருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கையை ஒருமுறை அமுக்கினால், நன்றாக இருக்கிறேன். இருமுறை என்றால் தண்ணீர். மூன்றுமுறை என்றால், என்னை வெளியே கூட்டிப் போ.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தம்பிக்கு ஐந்து வயதிலிருந்து இழுப்பு. பள்ளிக்கூடத்தில் அவன் மூச்சுச் சத்தத்தை வைத்தே அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அது என்ன பெயர் என்று அவன் வீட்டில் சொன்னதே இல்லை. மணித்தலையை முதன்முதலில் மாட்டிக்கொண்ட அன்று, கழற்றிவிட்டு, வியர்வை வழிய, அக்காவிடம் சொன்னான்: "இதுக்குள்ள நான் எப்படி மூச்சு விட்டாலும் வெளிய ஒருத்தனுக்கும் கேக்காதுக்கா."

அக்காவுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வண்டி பெரிய சாலையில் ஏறியபோது அம்மாவின் போன் வந்தது. "அவன் இழுப்புக்கு அடிக்கிற பம்ப் எங்கடி?"

"என் பையில இருக்கும்மா. அந்த அங்கியில பாக்கெட் கிடையாது."

"அவன் மூச்சு உன் பையில இருக்கு. தெரிஞ்சுக்க" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

கண்காட்சி வளாகத்தின் வாசலில் ஒன்பது மணிக்குச் சோதனை நடந்தது. பொம்மை வாளுக்கெல்லாம் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். அக்காவின் பையிலிருந்த சிறிய கத்தரியை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். "போகும்போது வாங்கிக்கங்க. இதெல்லாம் உள்ளே அனுமதி இல்லை."

"ஜிப் மேல தைக்கணுமே, நூல் வெட்ட வேணும்" என்றாள் அக்கா.

"பல்லு இருக்குல்ல?" என்று காவலர் சிரித்தார்.

வேஷப்போட்டியில், மணியை அங்கியோடு சேர்க்கிற பின்பக்க ஜிப் தெரிந்தால் மதிப்பெண் குறைப்பார்கள். ஆகவே தலையை மாட்டியபின் ஜிப்பின் மேல் மடிப்புத் துணியை இழுத்து மூடி, தையல் தெரியாமல் தைத்துவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அறுந்துவிடக் கூடாதென்று நைலான் நூலை இரட்டையாகக் கோத்துத் தைத்தாள் அக்கா. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். தம்பி அவள் கையை ஒருமுறை அமுக்கினான்.

உள்ளே எள் போட்டால் எள் விழாத கூட்டம். நீலத் தலைமுடிக்காரிகள், இறக்கை முளைத்தவர்கள், தன் உயரத்துக்கு மேல் கோடாலி தூக்கிய ஓர் ஆள், அவன் பின்னால் பால்புட்டியோடு அவன் மனைவி. அக்கா முன்பு இரண்டு தடவை வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அவளை ஆச்சரியப்படுத்தியது ஒன்றுதான். வெளியே யாரிடமும் நாலு வார்த்தை பேச நா எழாதவர்கள் இங்கே முன்பின் தெரியாதவனைக் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். இல்லாத ஓர் ஆளின் மேல் ஒன்றாக அன்பு வைத்துவிட்டால், இருக்கிற ஆட்கள் ஒருவருக்கொருவர் உறவாகிவிடுகிறார்கள் போலிருக்கிறது. தம்பி நடந்தால் வழிவிட்டார்கள். குழந்தைகள் கை தூக்கினார்கள். காவலனின் வணக்கம் அது, வலது கையை மேலே தூக்கி விரலை விரிப்பது. தம்பியும் தூக்கினான். கிடங்கில் ஆறு வருடமாக அவனுக்கு யாரும் கை தூக்கியதில்லை.

பதினொன்று இருபதுக்கு மேடையில் தொடரின் புதுப் பாகத்தின் முன்னோட்டம். விளக்கை அணைத்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் புகை கக்கியது. பாலம் காட்டுகிற காட்சிக்காம் அது. முழு மண்டபமும் ஒரே கத்தலோடு முன்னால் சாய்ந்தது. அக்காவின் கை நழுவியது. ஒரு பத்து விநாடி இருக்கும். முதுகுகளுக்கு நடுவில் தடவித் தடவி, சாம்பல் கையுறை ஒன்று தட்டுப்பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அமுக்கினாள். ஒருமுறை பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

விளக்கு வந்ததும் அந்தக் கையைப் பிடித்து நெரிசலை விட்டு வெளியே கூட்டி வந்தாள். தம்பிக்குப் புகை ஒத்துக்கொள்ளாதே என்று மறுபடி அமுக்கினாள். மறுபடி ஒருமுறை. படங்கள் விற்கிற கடைகளைச் சுற்றினார்கள். ஒரு பெண் படம் எடுத்துக்கொண்டாள். சுவரோரம் காலி நாற்காலி பார்த்து உட்கார வைத்தபோது மணி பதினொன்று ஐம்பது.

"தண்ணி குடிடா" என்று புட்டியில் உறிஞ்சுகுழாயைச் செருகி, மணியின் விளிம்புக்கடியில் நீட்டினாள். குழாய் வாய்க்குப் போகவில்லை. குனிந்து பார்த்தாள்.

தம்பிக்குத் தாடி உண்டு. அங்கே தாடி இல்லை. மழமழவென்ற முகவாய். அதற்கு மேலே, காதில், ஒரு சிவப்புக்கல் கம்மல்.

அக்காவின் கையிலிருந்து புட்டி விழுந்தது.

மணிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி, ஒரு பெண்குரல் வந்தது. "அத்தை? என்னாச்சு?"

"யாரும்மா நீ?"

"நீங்க... நீங்க அத்தை இல்லையா?"

அவள் பெயர் சிட்டு. பல் மருத்துவமனையில் உதவியாளராம். அவளுக்குக் கைபிடி அவள் அத்தை. மேடைக்கு முன்னால், அதே இருட்டில், அவள் கையும் நழுவியிருக்கிறது. ஒரு கை வந்து பிடித்ததும் அத்தைதான் என்று கூடவே வந்துவிட்டாள். "நீங்க அமுக்குனீங்க, நானும் அமுக்குனேன். அத்தை என்ன இன்னிக்கு இவ்வளவு பாசமா இருக்குன்னு நெனச்சேன்."

வேறு நேரமாயிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அக்கா தோள்பையைத் திறந்தாள். தம்பியின் போன் அங்கே இருந்தது. பர்ஸ் இருந்தது. நீல நிறப் பம்ப் இருந்தது. அவனுக்குச் சொந்தமான எல்லாம் அங்கே இருந்தது, அவனைத் தவிர.

"என் தம்பிக்கு இழுப்பும்மா. பின்னாடி தச்சிருக்கேன். அவனால கழட்ட முடியாது" என்றாள். தான் சொல்வது தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது.

சிட்டு நேரத்தை வீணாக்கவில்லை. "போனைக் குடுங்க. அத்தை நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். சத்தமா வைங்க, நான் பேசுறேன்."

ஏழு முறை மணியடித்தபின் அத்தை எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அத்தை, நான் சிட்டு. எங்க இருக்கே?"

"யாரு? சிட்டுவா? வெளையாடுறியா? சிட்டு என் கூடத்தானே இருக்கா. யாரு நீ?"

"அத்தை, நான்தான் சிட்டு! உன் கையில இருக்கிறது நான் இல்ல!"

"அட போடி, நீ இல்லாம வேற யாரு? இவ்வளவு நேரம் சேட்டை பண்ணிட்டே வந்தியே."

அக்கா போனைப் பிடுங்கினாள். "அம்மா, உங்க கையில இருக்கிறது என் தம்பி. அவன் என்ன சேட்டை பண்ணான்?"

"கையை அமுக்குறது. மூணு மூணா. வந்ததுலேருந்து அமுக்கிட்டே இருக்கு. நானும் ரெண்டு தடவை திருப்பி அமுக்குனேன்."

மூன்றுமுறை. அரைமணி நேரமாக அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பதிலும் வந்திருக்கிறது.

"இப்ப? இப்ப அமுக்குறானா?"

"இப்ப என் கையில இல்லையேம்மா. கூட்டுப்படம் எடுக்கணும்னு எல்லாரையும் படியில ஏத்திட்டாங்க. கைபிடி எல்லாம் கயித்துக்குப் பின்னாடி நிக்கணுமாம். ஏறும்போதுதான் கொஞ்சம் தள்ளாடுச்சு..."

"எந்த மண்டபம்?"

"ரெண்டாவது. பெரிய படி."

அக்கா ஓடினாள். சிட்டு அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், எதிலெதிலோ மோதிக்கொண்டு. யாரோ "மணித்தலையன் ஓடுறான் பாருடா!" என்று கை தட்டினார்கள். இருவரையும் படம் எடுத்தார்கள். அக்காவுக்கு அந்தச் சிரித்த முகங்களையெல்லாம் பார்க்க அச்சமாக இருந்தது. இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் ஒருவன் மூச்சில்லாமல் நிற்கிறான். அவனையும் இப்படித்தான் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது மண்டபத்தின் நடுவில், விசாலமான எட்டுப் படிகள். அந்தப் படிகள் நிறைய மணித்தலையர்கள். அசையாமல், கைகளைத் தொங்கவிட்டு, வரிசை வரிசையாக. கீழே மஞ்சள் சட்டை போட்ட படக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். "நாற்பது. பதிவு நாற்பத்தொண்ணு. ஒண்ணு குறையுதே!" கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய உடம்புக்காரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அத்தை.

"எந்த ஆள்? காட்டுங்க!"

"அந்தக் கடைசியில நிக்க வச்சேன். அப்புறம் உயரம் பார்த்து எல்லாரையும் மாத்திட்டாங்கம்மா. தெரியலையே! எல்லாம் ஒண்ணு போல இருக்கே!"

அக்கா கயிற்றைத் தாண்டினாள். "ஏய் அம்மா, படத்துல விழுது, தள்ளு" என்றார் படக்காரர். அவள் முதல் படியில் ஏறி, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வரிசை வரிசையாக மணிகள் மெல்ல அவள் பக்கம் திரும்பின. எந்த மணிக்குள்ளிருந்தும் குரல் வரவில்லை. ஒவ்வொரு மணியிலும் இரண்டு கறுப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் அவள் முகம், வாய் பிளந்தபடி, சின்னதாக. பாதிக்கு மேல் அவள் வெட்டிய கண்ணாடிகள். உள்ளே இருப்பது யாரென்று ஒருக்காலும் தெரியாதபடி, பார்த்துப் பார்த்து அவள் வெட்டியவை.

"உள்ள ஒருத்தனுக்கு மூச்சு முட்டுது! முடியாதவன் கையைத் தூக்கு!" என்று அலறினாள்.

பாட்டுச் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டதோ. மணிக்குள் எதுவும் சரியாகக் கேட்காது. 'கையைத் தூக்கு' என்ற மட்டும் கேட்டிருக்க வேண்டும். முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கை. அப்புறம் எல்லாக் கைகளும், விரல்களை விரித்து, காவலனின் வணக்கம். கூட்டம் ஆரவாரித்தது. படக்காரர் "அருமை! அப்படியே நில்லுங்க!" என்று கூவினார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அத்தனை கைகளுக்கு நடுவில் எழும்பாத ஒரு கை இருந்திருக்கும். அக்காவுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல நின்றாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது சிட்டு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தன் பின்கழுத்தைத் தட்டிக் காட்டினாள். "கழட்டுங்க."

"இங்கயா?"

"கழட்டுங்கன்னா!"

அக்கா ஜிப்பை இழுத்தாள். சிட்டு மணியைக் கழற்றிப் படியில் போட்டாள். நனைந்து ஒட்டிய முடி, கன்றிப்போன கன்னம், சாதாரணமான ஒரு முகம். கூட்டத்தில் 'ஊ' என்று ஓர் ஓலம் கிளம்பியது. "முகம்! முகம் தெரியுது! மூடு!" என்று கத்தினார்கள். யாரோ கசக்கிய காகிதத்தை எறிந்தார்கள். இரண்டு நிமிடம் முன்னால் இவளுக்காகக் கை தட்டியவர்கள்தான். அன்பு எங்கே முடிந்து மூர்க்கம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அங்கே ஒரு மயிரிழைதான் இடைவெளி என்று அக்காவுக்குத் தோன்றியது.

சிட்டு அவர்கள் பக்கமே திரும்பவில்லை. முதல் வரிசையில் நின்ற மணித்தலையனின் மணியோடு வாயை ஒட்டி வைத்துக் கத்தினாள். "ஒருத்தர் உள்ள சாகக் கிடக்கிறார்! பின்னாடி நிக்கிறவர்கிட்ட சொல்லிக் கழட்டச் சொல்லு!"

அந்த மணி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு பின்படியில் இருந்தவனுக்கு முதுகைக் காட்டி, தன் பின்கழுத்தைத் தட்டியது. பின்னாலிருந்தவன் இழுத்தான். வெளியே வந்தது ஒரு வழுக்கைத் தலை, ஐம்பது வயதுக்காரர். அவர் பக்கத்து மணியைத் திறந்தார். அது திரும்பி அடுத்ததைத் திறந்தது. படிப்படியாக ஒருவர் முதுகை ஒருவர் திறந்துகொண்டே போனார்கள். மணிகள் படியில் உருண்டன. ஓலம் அடங்கிவிட்டது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள். கண்ணாடி போட்டவர்கள், பல் எடுப்பானவர்கள், அழுகிற ஒரு பையன், உதட்டுச் சாயம் கலைந்த ஒரு பெண்மணி. ஒவ்வொரு முகம் வெளியே வரும்போதும் அக்கா தேடினாள். இல்லை. இது இல்லை. இதுவும் இல்லை.

ஆறாவது படியில், தூணோரம், ஒரு நெட்டையன் கத்தினான். "இங்க வாங்க! இவரு திரும்ப மாட்டேங்கிறாரு!"

தூணுக்கும் நெட்டையனுக்கும் நடுவில் அந்த மணி சொருகி நின்றது. விழ இடமில்லாததால் விழவில்லை. நெட்டையன் அதன் கையைப் பிடித்திருந்தான். "கை நடுங்கிட்டே இருந்துச்சு. பயம் போலன்னு பிடிச்சுக்கிட்டேன். இப்ப கொஞ்ச நேரமா நடுங்கல."

அக்கா பின்பக்கத் தையலைப் பிடித்து இழுத்தாள். அவள் போட்ட தையல். அசையவில்லை. குனிந்து கடித்தாள். மடிப்புக்குள் புதைந்த இரட்டை நூல் அவள் ஈறை அறுத்ததே தவிர அறவில்லை. "கத்தி! கத்தரி! யாராவது!" எல்லோரும் தங்கள் பைகளைத் தடவினார்கள். ஆயிரம் வாள் இருந்தது அந்த மண்டபத்தில். ஒரு நூலை அறுக்க ஒன்றும் இல்லை. மணியின் விளிம்புக்கடியில் உறிஞ்சுகுழாய் போகிற இடுக்குதான், பம்ப் நுழையவில்லை.

பிறகு அவள் கை தானாகவே மணியின் முன்பக்கம் போனது. பன்னிரண்டு வருடமாக நாளுக்கு நாற்பது தடவை செய்கிற வேலை அது. கறுப்பு வட்டத்தின் கீழ்விளிம்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மேல்நோக்கிச் சாய்த்து அழுத்தினாள். லென்ஸ் பள்ளத்திலிருந்து 'டொக்' என்று எகிறி உள்ளே விழுந்தது. ஓட்டைக்குள்ளிருந்து வெந்நீர் அடுப்புப் போல அனல் வந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் ஆயுள் முழுக்க வெறுத்த அந்த இழுப்புச் சத்தம் இப்போது கேட்டுவிடாதா என்று ஏங்கினாள். பம்ப்பைப் பிடித்த கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, தாடியைத் தடவி, வாயைக் கண்டுபிடித்து, பல்லைப் பிளந்து அழுத்தினாள். எண்ணினாள். மறுபடி அழுத்தினாள். "இழுடா. என் ராசா இல்ல, இழுடா."

நாலாவது அழுத்தலுக்கு அந்த மணிக்குள் ஒரு விசில் கேட்டது. துருப்பிடித்த கதவு திறப்பது போல, மெல்லியதாக. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

வாசல் காவலர் கத்தியோடு ஓடி வந்து பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கிழித்தார். தம்பியின் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. பார்க்கவில்லை.

மருத்துவமனையில் நாலு நாள். அதில் இரண்டு நாள் தொண்டையில் குழாய். அந்த இரண்டு நாளும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரம் அவனுக்காக மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அடுத்த முறை இவ்வளவு நேரம் தாங்காது" என்று மட்டும் மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் கண்காட்சிக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கிழிந்த மணித்தலை தங்கள் வசம் இருப்பதாகவும், எடுத்துக்கொள்ள விருப்பமா என்று தெரிவிக்குமாறும், நடந்தது பற்றி ஏதேனும் சொல்வதானால் எழுதலாம் என்றும் இருந்தது. அதற்குள் ரசிகர் குழுக்களில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எடுத்த படத்தில் அத்தையின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. கையைவிட்டவள், கொலைகாரி என்று எழுதினார்கள். அவள் வேலை செய்யும் இடத்தைக் கண்டுபிடித்துப் போன் போட்டார்கள். அத்தை மூன்று நாளாக வெளியே தலைகாட்டவில்லை என்று சிட்டு அழுதாள். சிட்டுவையும் விடவில்லை. முகம் காட்டியவள் அல்லவா.

அக்கா கோடு போட்ட தாளில் எழுத உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு எது நடந்தது என்று வரிசையாக எழுதினாள். தைத்தது நான். இரட்டை நைலான் நூல். பம்ப் என் பையில் இருந்தது. கையை முதலில் நழுவவிட்டதும், தப்பான கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றியதும் நான்தான். அந்த அம்மாள் மேல் குற்றமில்லை. இனி பின்பக்கம் தைத்த தலையை உள்ளே விடாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு உயிர்காக்கும் பொருள் எதுவோ அது அவர் உடம்பிலேயே இருக்கட்டும். என் கண்ணாடி வாங்கிய இருபத்து மூன்று பேரும் அனுப்பி வைத்தால் ஆள் தெரிகிற கண்ணாடியாக மாற்றித் தருகிறேன். இக்கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி உங்கள் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். முழுப்பெயரும் கடையின் முகவரியும் கீழே எழுதினாள். நாளைக்கு அந்தப் போன்கள் தன் கடைக்கு வரும்.

கட்டிலில் சாய்ந்தபடி தம்பி வாங்கிப் படித்தான். தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"இதைப் போட்டா என்னை இனிமே அதுக்குள்ள விடமாட்டாங்கக்கா."

"ஆமா."

"இழுப்புன்னு எழுதியிருக்கே. நாலு இடத்துல."

"வேற எப்படி எழுதுறது?"

"மயங்கிட்டான்னு எழுதேன். வெக்கை, கூட்டம்... யாரு கேக்கப்போறா?"

"அப்ப அந்தம்மாவை?"

அவன் மூச்சு ஏறி இறங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அக்கா அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் தூங்கும்போதும் அதற்குக் காது கொடுத்தபடிதான் படுக்கிறாள். கொஞ்சம் தாழ்ந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

"உள்ள இருக்கும்போது கத்தியிருக்கலாம்க்கா" என்றான் தம்பி. "முதல்ல நல்லா மூச்சு இருந்துச்சு. அப்பவே தெரியும், உன் கை இல்லைன்னு. மணித்தலையன் பேசக்கூடாதுன்னு இருந்துட்டேன். பேசலாம்னு தோணும்போது பேச்சு வரல." பேனாவுக்குக் கை நீட்டினான். "நான் வாய் திறக்காததையும் எழுது. இரு, நானே எழுதுறேன்."

கடைசிப் பத்திக்குக் கீழே கோணல்மாணலாக நாலு வரி எழுதினான். 'இழுப்பு' என்ற சொல்லை எழுதி, ஒருகணம் நிறுத்தி, மேலே எழுதினான். தன் பெயரையும் போட்டான். மணித்தலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று எழுதும்போது மட்டும் அவன் முகத்தை அக்கா பார்க்கவில்லை.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசை தடவி, விரலால் இரண்டு தடவை அழுத்தி நீவினாள். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் சன்னலில் அவளுக்கு முன்னால் மூன்று பேர். அவள் முறை வந்ததும் எழுத்தர் உறையை எடை போட்டார். முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பொம்மைக் கூத்து நடக்குமே, அவங்களுக்கா? என் பொண்ணும் வருஷா வருஷம் போறா. தலையில என்னமோ மாட்டிக்கிட்டு."

"என்ன தலை?" என்றாள் அக்கா. குரல் தன்னுடையது போல இல்லை.

"யாருக்குத் தெரியும்? ஏதோ வாளி கவுத்த மாதிரி இருக்கும்."

"பின்பக்கம் தைப்பாளா?"

எழுத்தர் விளங்காமல் பார்த்தார். பின்னாலிருந்தவர் இருமினார். "இன்னிக்கே போயிடுமா?" என்று கேட்டாள் அக்கா.

"மூணு மணி வண்டியில போகும்." முத்திரையை ஓங்கிக் குத்தினார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கடிதத்தை முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்குப்பையில் போட்டார்.